கேளாச் செவியும் தொலைபேசியும்: அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் வாழ்க்கை

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

அக்கா கேட்ட கேள்வி

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த காலத்தில் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு தாடிக்காரரின் படம் இருந்தது. தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று அதன் கீழே அச்சிட்டிருந்தார்கள். அன்று மாலை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து என் அக்காவிடம் காட்டினேன். அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. எங்கள் வீட்டுச் சைகையில் நான் விளக்கி முடித்ததும் அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். இதனால் எனக்கு என்ன பயன் என்பது அதன் பொருள். பத்து வயதுச் சிறுவனான எனக்கு விடை தெரியவில்லை.

இன்று நான் இயற்பியல் மாணவன். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அக்கா தையல் எந்திரத்தை மிதித்ததால்தான் நான் இந்த வாசலை மிதிக்க முடிந்தது என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன். சென்ற ஆண்டு ஒலியியல் பாடத்தில் டெசிபெல் என்னும் அலகைப் படித்தபோது, அதில் ஒளிந்திருக்கும் பெல் அதே தாடிக்காரர்தான் என்று அறிந்தேன். அக்காவின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. நம் கல்லூரி நூலகத்தில் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்தது என்னை வியக்கவும் வைத்தது, வருந்தவும் வைத்தது. அதையே நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேச்சையே தொழிலாகக் கொண்ட குடும்பம்

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1847-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் பெல் பிறந்தார். அவருடைய பாட்டனார் பேச்சுக்கலை ஆசிரியர். தந்தையார் மெல்வில் பெல்லும் அவ்வாறே. எந்த மொழியின் எந்த ஒலியானாலும், அதை எழுப்பும்போது உதடும் நாவும் தொண்டையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் குறியீடுகளால் எழுதிக் காட்டும் ஒரு முறையைத் தந்தையார் வகுத்திருந்தார். கண்ணால் காணத்தக்க பேச்சு என்று அதற்குப் பெயரிட்டார்.

இப்படிப் பேச்சையே தொழிலாகக் கொண்ட அந்த வீட்டின் தலைவி எலிசா அம்மையாருக்குக் காது மிகவும் மந்தம். ஆயினும் அவர் பியானோ வாசிப்பதில் வல்லவர். தம் மகனுக்கும் அதைக் கற்றுக் கொடுத்தார். மற்றவர்கள் அவருடைய செவிக்குழலில் உரக்கக் கத்திப் பேசுவார்கள். சிறுவன் பெல்லோ தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். அந்த அதிர்வு தாய்க்குப் புரியும். வீட்டில் பலர் கூடிப் பேசும்போது, விரல்களால் எழுத்துகளைக் காட்டும் முறையில் அவர்கள் பேசுவதையெல்லாம் தாய்க்கு உடனுக்குடன் எடுத்துச் சொல்வான். இதைப் படித்தபோது நான் சற்றே நிறுத்திவிட்டு எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன்.

இளமையில் பெல்லைத் துயரம் சூழ்ந்தது. அண்ணன் மெல்வில், தம்பி எட்வர்டு ஆகிய இருவரும் காசநோய்க்குப் பலியாயினர். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டுமென்று பெற்றோர் 1870-இல் கடல் கடந்து கனடா நாட்டின் பிரான்ட்போர்டு என்னும் ஊரில் குடியேறினர்.

பாஸ்டன் நகரத்து ஆசிரியர்

தொலைபேசியைக் கண்டவர் என்று உலகம் போற்றும் பெல் தம்மை எப்போதும் காது கேளாதோரின் ஆசிரியராகவே கருதினார். லண்டனில் இருந்தபோதே காது கேளாத குழந்தைகளுக்குத் தந்தையின் முறையில் பேசக் கற்பித்த அனுபவம் அவருக்கு உண்டு. 1871-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் பணியேற்றார். 1873-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருடைய மாணவர்களுள் இருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவன் ஜார்ஜ் சாண்டர்ஸ். தோல் வணிகர் ஒருவரின் மகன். ஐந்து வயது. இந்தச் சிறுவனுக்காகப் பெல் ஒரு கையுறையில் எழுத்துகளை எழுதினார். எந்த எழுத்தைத் தொடுகிறோமோ அதைக் கூட்டிச் சொல்லாக்கிச் சிறுவன் புரிந்துகொண்டான். செலவோ ஒரு கையுறையும் கொஞ்சம் மையுந்தான்! மற்றொருவர் மேபல் ஹப்பார்டு என்னும் இளம்பெண். ஐந்து வயதில் செம்புள்ளிக் காய்ச்சலால் செவிப்புலனை முற்றிலும் இழந்தவர். உதட்டசைவைப் படித்தே பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதில் தேர்ந்தவர். இவ்விருவரின் தந்தையரான தாமஸ் சாண்டர்ஸும் கார்டினர் ஹப்பார்டும்தாம் பின்னர்ப் பெல்லின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து உதவினர். தொலைபேசியின் மூலதனமே காது கேளாத இரு பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இறந்தவரின் செவி சொன்ன பாடம்

காது கேளாத குழந்தைக்குப் பேசக் கற்பிப்பதில் உள்ள பெருந்தொல்லை, தான் எழுப்பும் ஒலி சரியா தவறா என்று அக்குழந்தைக்குத் தெரியாததே. ஒலியைக் கண்ணுக்குக் காட்டிவிட்டால் என்ன? இப்படி எண்ணிய பெல், மருத்துவ நண்பர் ஒருவரின் உதவியால் இறந்த மனிதரின் செவி ஒன்றைப் பெற்றார். செவியின் சிற்றெலும்போடு மெல்லிய வைக்கோல் துரும்பு ஒன்றை இணைத்தார். செவிக்குள் பேசினால் செவிப்பறை அதிரும், எலும்பு அசையும், துரும்பின் நுனி புகையேற்றிய கண்ணாடியில் அலையலையாகக் கோடு கிழிக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒவ்வொரு வடிவம்!

1874-ஆம் ஆண்டு கோடையில், பிரான்ட்போர்டில் பெற்றோர் வீட்டில் இந்தக் கருவியை வைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. காகிதம் போன்ற மெல்லிய செவிப்பறை தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறது. அப்படியானால் சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா? காந்தத்தின் முன் இரும்பு அசைந்தால் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பது பாரடே நமக்குக் காட்டிய உண்மை. தந்தி என்பது மின்சாரத்தை விட்டும் தடுத்தும் அனுப்புவது. பேச்சுக்கு அது போதாது. ஒலியலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும் இடையறாத மின்னோட்டம் வேண்டும். இதுவே தொலைபேசியின் தத்துவம். காது கேளாதோருக்காகச் செய்த கருவியே தொலைபேசிக்குத் தாய் என்று சொன்னால் அது மிகையாகாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1875 ஜூன் 2-ஆம் நாள், துணைவர் தாமஸ் வாட்சன் ஓர் அறையில் தட்டிய உலோக நாக்கின் ஓசையைக் கம்பி வழியே மற்றோர் அறையில் பெல் கேட்டார். 1876 பிப்ரவரி 14-ஆம் நாள் காப்புரிமை விண்ணப்பம் தரப்பட்டது. அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் இதே பொருளில் அறிவிப்பு ஒன்றைத் தந்தார். அதனால் எழுந்த வழக்குகள் பல. மார்ச் 7-ஆம் நாள் 174,465 என்னும் எண்ணுள்ள காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மார்ச் 10-ஆம் நாள் அவர் பக்கத்து அறையிலிருந்த வாட்சனைத் தம்மிடம் வருமாறு கம்பி வழியே அழைத்தார். வாட்சனும் அதைக் கேட்டு ஓடி வந்தார். அப்போது பெல்லுக்கு வயது 29.

பத்துப் பங்குகள்

1877 ஜூலையில் பெல் தொலைபேசி நிறுவனம் தொடங்கப்பட்டது. சில நாட்களிலேயே பெல், மேபலை மணந்தார். தமக்குரிய பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் திருமணப் பரிசாக மனைவிக்கே கொடுத்துவிட்டார். கணவரின் கருவியால் வந்த செல்வம் மேபலுடையது. ஆனால் அந்தக் கருவியில் வரும் ஒரு சொல்லைக்கூட அவரால் கேட்க முடியாது. தாயாலும் இயலாது, தாரத்தாலும் இயலாது. தான் மிகவும் நேசித்த இருவருக்கும் பயன்படாத பொருளை உலகத்துக்கு அளித்த மனிதரின் மனத்தில் என்ன இருந்திருக்கும்?

செல்வம் வந்தபின் பெல் ஓய்ந்துவிடவில்லை. செவியின் திறனை அளக்கும் கருவியை 1879-இல் அமைத்தார். 1880-இல் ஒளிக்கதிரில் பேச்சை ஏற்றி அனுப்பிக் காட்டினார். இன்று ஒளியிழையில் நம் பேச்சு ஓடுவதற்கு அது முன்னோடி. அதே ஆண்டு பிரான்சு நாடு அவருக்கு 50,000 பிராங்கு கொண்ட வோல்டா பரிசை வழங்கியது. அப்பணத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, அதில் கண்டவற்றால் வந்த பொருளைக் கொண்டு காது கேளாமை பற்றிய அறிவைத் திரட்டிப் பரப்ப வோல்டா நிலையத்தை நிறுவினார்.

1886-இல் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தந்தை பெல்லிடம் அழைத்து வந்தார். அப்போது பாஸ்டனில் இருந்த பெர்க்கின்ஸ் பள்ளிக்கு எழுதுமாறு பெல் வழிகாட்டினார். அங்கிருந்து ஆனி சல்லிவன் என்னும் ஆசிரியை வந்தார். அந்தச் சிறுமியே ஹெலன் கெல்லர். 1903-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றை ஹெலன் கெல்லர் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

நிலவில் உள்ள களங்கம்

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இது புகழ்மாலையாக முடிந்திருக்கும். ஆனால் உண்மையை மறைப்பது அறிவியல் மாணவனுக்கு அழகன்று.

காது கேளாதவர் காது கேட்பவரைப் போலவே வாயால் பேசி, உதட்டசைவைப் படித்து வாழ வேண்டும் என்பது பெல்லின் அசையாத கொள்கை. சைகை மொழி அவர்களைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும் என்று அவர் நம்பினார். சைகை அறியாதவரா அவர்? நன்றாக அறிந்தவர். 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. கூடியவர்களில் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்களே. அத்தீர்மானம் பெல் இயற்றியதன்று. ஆயினும் அமெரிக்காவில் அக்கொள்கைக்குப் பெருந்தூணாக நின்றவர் அவரே. 1883-இல் தேசிய அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். காது கேளாதவர் தமக்குள்ளேயே மணந்துகொண்டால் காது கேளாத மனித இனம் ஒன்று உருவாகிவிடும் என்று அதில் அஞ்சினார். தடைச் சட்டம் வேண்டுமென்று அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் தனி விடுதிப் பள்ளி, சைகை மொழி, காது கேளாத ஆசிரியர் ஆகிய மூன்றும் அத்தகைய மணங்களுக்கு வழிவகுப்பதாகச் சொல்லி அவற்றை எதிர்த்தார்.

அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். என் பெற்றோரே அதற்குச் சான்று.

அவரை நேருக்கு நேர் எதிர்த்தவர் வாஷிங்டனில் இருந்த காது கேளாதோர் கல்லூரியின் தலைவர் எட்வர்டு மைனர் காலடெட். பேச்சும் வேண்டும், சைகையும் வேண்டும் என்பது அவர் வாதம். வியப்பு என்னவென்றால் அவருடைய தாயாருக்கும் காது கேளாது! அந்தத் தாய் சைகையால் பேசியவர், பெல்லின் தாய் வாயால் பேசியவர். இரு பிள்ளைகளும் தத்தம் தாயைப் பார்த்தே உலகத்தை அளந்தார்கள் போலும்.

பெல் தரப்பே அன்று வென்றது. பல பள்ளிகளில் சைகை மறைந்தது. காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தனர். பேச வராத பிள்ளைகள் இரண்டு மொழியும் இல்லாமல் நின்றார்கள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பேருந்து நிலையத்தில் அக்கா என்னிடம் ஏதோ கையால் சொன்னாள். என் வகுப்புத் தோழர்கள் அங்கே நின்றிருந்தார்கள். நான் வெட்கப்பட்டு அவள் இரு கைகளையும் பிடித்துக் கீழே அழுத்தினேன். அவள் வீடு வரும்வரை எதுவும் சொல்லவில்லை. பெல்லின் கட்டுரையைப் பற்றிப் படித்த இரவில் அந்தக் கைகள்தாம் என் கண்முன் வந்தன. அவருக்கும் அன்பு இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் அவர்களை நம்மைப் போல் ஆக்க வேண்டும் என்று எண்ணினோமே தவிர, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு நிமிட மௌனம்

1922 ஆகஸ்டு 2-ஆம் நாள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தம் இல்லத்தில் பெல் மறைந்தார். ஆகஸ்டு 4-ஆம் நாள் அவரை அடக்கம் செய்தபோது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் எல்லாம் ஒரு நிமிடம் ஓசையடங்கி நின்றன. அந்த ஒரு நிமிடம் மட்டும் காது கேட்போரும் கேளாதோரும் தொலைபேசியின் முன் சமமாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடைத்த கதவைத் திறந்தவர்கள்

தொலைபேசி பெருகப் பெருகக் காது கேளாதவர் பின்தங்கினர். வேலைக்கு ஆளைக் கூப்பிடுவது தொலைபேசியில், மருத்துவரை அழைப்பது தொலைபேசியில். ஊமைப் படங்கள் இருந்த காலத்தில் அவர்களும் மற்றவரோடு அமர்ந்து திரைப்படம் பார்த்தார்கள். 1927-க்குப் பின் பேசும் படம் பரவியதும் அந்த இன்பமும் போயிற்று. அடுத்து வந்த தொலைக்காட்சியும் அவர்களை வெளியே நிறுத்தியது.

கதவைத் திறந்தவர் யார்? காது கேளாதவர்களே! கலிபோர்னியாவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் இயற்பியலாளர் இருந்தார். அவருக்குக் காது கேளாது. தந்தி அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய தட்டச்சுத் தந்திப்பொறிகள் அவர் கண்ணில் பட்டன. பொறியின் மின்துடிப்புகளை இருவேறு ஒலிகளாக மாற்றித் தொலைபேசியின் கைப்பிடிக்குள் செலுத்தி, மறுமுனையில் மீண்டும் எழுத்தாக்கும் இணைப்புக் கருவியை அவர் அமைத்தார். 1964-இல் அவரும், காது கேளாத பல் மருத்துவரான ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸும் தொலைவிலிருந்தே தொலைபேசிக் கம்பியில் எழுத்தால் உரையாடினர். பெல்லின் முதல் அழைப்புக்குப் பின் 88 ஆண்டுகள்! 1968-இல் பெல்லின் பெயரைத் தாங்கிய சங்கமும், காது கேளாதோரின் தேசியச் சங்கமும் கைகோத்து, பழைய பொறிகளை வீடுகளுக்கு வழங்கும் அமைப்பைத் தொடங்கின.

தொலைக்காட்சிக்கு வழி திறந்த ஊர் எது தெரியுமா? பெல் ஆசிரியராக இருந்த அதே பாஸ்டன். 1972-இல் அந்நகரத்து நிலையம் ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பேச்சின் எழுத்து வடிவத்தோடு ஒளிபரப்பியது. திரையில் எழுத்து எல்லோருக்கும் தெரிகிறதே என்று சிலர் குறை சொல்லக்கூடுமல்லவா? அதற்கும் வழி கண்டார்கள். அந்நாளைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 கோடுகளால் ஆனதாக இருந்தது. அவற்றில் 21-ஆவது கோடு படத்தில் தெரியவில்லை. அதில் எழுத்தை மறைத்து அனுப்பி, வேண்டியவர் மட்டும் ஒரு பெட்டியின் உதவியால் பார்க்கும் முறை 1980 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தனிப் பெட்டி வாங்கும் செலவு பலருக்குத் தடையாயிற்று. அதனால் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளில் அந்த வசதியை உள்ளேயே வைத்துச் செய்ய வேண்டும் என்று 1990-இல் சட்டம் இயற்றினார்கள். 1993 முதல் அது செயலுக்கு வந்தது. அதே 1990-இல் வந்த மற்றொரு சட்டம், காது கேளாதவரின் எழுத்தை மறுமுனையில் ஒருவர் படித்துச் சொல்லும் இடைநிலைச் சேவையை அமெரிக்கா முழுவதும் கட்டாயமாக்கியது.

மிலான் தீர்மானம் என்னவாயிற்று? 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு அதைக் கைவிட்டு, விளைந்த தீங்குக்கு வருத்தமும் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊடகங்களில் சைகை மொழியாக்கமும் எழுத்து வடிவமும் வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது எல்லோரும் சிரித்தால் அக்கா என் முகத்தைத்தான் பார்ப்பாள். பிறகு சொல்கிறேன் என்று நான் கைகாட்டுவேன். பல நாள் அந்தப் பிறகு வந்ததே இல்லை.

அக்காவுக்கு விடை

பெல் கெட்டவரா நல்லவரா என்று தீர்ப்பு வழங்க நான் வரவில்லை. கையுறையில் எழுத்தெழுதிய பெல்லை நான் வணங்குகிறேன். கைகளைக் கட்டச் சொன்ன பெல்லிடமிருந்து பாடம் கற்கிறேன். கையுறை செய்தபோது அவர் கருவியைச் சிறுவனுக்கு ஏற்றபடி மாற்றினார். பிற்காலத்தில் அவர் சிறுவர்களைத் தம் கொள்கைக்கு ஏற்றபடி மாற்ற முயன்றார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இந்த வாழ்க்கை நமக்குக் காட்டும் உண்மை. நாளை நம்மில் பலர் ஆசிரியராகலாம், பொறிகளைச் செய்பவராகலாம். எதைச் செய்வதற்கு முன்னும், யாருக்காகச் செய்கிறோமோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்போமாக.

முதலாமாண்டு உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அக்காவுக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். விடுதியிலிருந்து இரவில் அழைக்கிறேன். திரையில் முகம் தெரிகிறது, கைகள் தெரிகின்றன. ஒரு நாள் அந்தப் பழைய பாடப் புத்தகப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பி, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். தன் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். பிறகு கைப்பேசியைச் சுட்டிக்காட்டி, இது நன்று என்று கட்டை விரலை உயர்த்தினாள்.

விடுதி வராந்தாவில் நின்றுகொண்டுதான் பேசுகிறேன். நண்பர்கள் போகிறார்கள், வருகிறார்கள். இப்போது என் கைகளும் வெளிப்படையாகப் பேசுகின்றன.